போடி மெட்டிலிருந்து கொச்சிக் கோட்டை வரை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொச்சி நகரத்திற்குப் பஸ் மார்க்கமாய்ப் போய்வந்த விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நான் சரித்திர ஆராய்ச்சி செய்தவனல்லேன். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆயினும், இவ்வருஷம் சங்க நிதியைக் கொண்டு குடும்பங்களை ஒரு யாத்திரைக்கு அழைத்துச் செல்வதா, அன்றி மண்டபத்துக்குத் தளவரிசை போடுவதா என்னும் விவாதம் நடந்து வருகிறபடியால், கண்டதைச் சொல்லிவிடுவது நலமென்று ஒப்புக்கொண்டேன்.

என்னுடன் வந்தவர் என் தாயார். வயது எழுபத்திரண்டு. முப்பத்தெட்டு வருஷ காலம் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் ஏறி, மெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போனவர். பூப்பாறைக்கு அப்பால் ஒரு நாளும் சென்றதில்லை. "நாம் எடுத்த காயெல்லாம் எங்கேதான் போகிறது?" என்று அவர் கேட்பதுண்டு. ஏல விற்பனை நம் போடியிலேயே நடக்கிறது. அதை நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமை அலுவலகமோ கொச்சியில் இருக்கிறது. ஆகவே கொச்சிக்கே போவோம் என்று புறப்பட்டோம்.

போடியிலிருந்து மூணாறு வரையில் ஒரு பஸ். அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு வேறொரு பஸ். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். மெட்டு ஏறுவதற்குள் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவு ஒவ்வொன்றிலும் என் தாயார் ஏதேனும் ஒரு கதை வைத்திருந்தார். இங்கே மழையில் ஜீப் நின்றுவிட்டது, இங்கே இறங்கி நடந்தோம், இங்கே பிரசவ வலி கண்டவளை இறக்கினோம் என்று. சரித்திரப் புத்தகம் எதிலும் இவை இல்லை. மூணாற்றுக்கும் போடி மெட்டுக்கும் இடையிலுள்ள சாலை அகலமாக்கப்பட்டு 2024-ஆம் வருஷம் திறக்கப்பட்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்து, "இப்போது போட்டிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

மூணாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் அவ்வூர்த் தேயிலை நம் பக்கமாய் இறங்கியது. டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தின் மூலம் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையையும் அழித்தது. பிறகு நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் பாலம் கட்டப்பட்டு 1935-இல் திறக்கப்பட்டது. இன்று நாம் போகும் வழி அதுவே.

அப்பாலத்தில் பஸ் ஏறியபோது, கீழே ஓடுவது பெரியாறு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. 1895 முதல் அணை கட்டித் திருப்பப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கிற தண்ணீர் இந்த ஆற்றினுடையதே. மேலே அதைப் பற்றி எத்தனை வழக்கு, எத்தனை கோபம்! கீழே அது யாரையும் கேளாமல் அகலமாய் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோதமங்கலம், மூவாற்றுப்புழை முதலிய ஊர்களில் நெரிசலும் புழுக்கமுமன்றி வேறு விசேஷமில்லை.

எர்ணாகுளத்தில் படகேறிக் கோட்டைக் கொச்சிக்குப் போனோம். அந்நகரத்தின் சரித்திரம் சுருக்கமாக இது. 1500-ஆம் வருஷம் கப்ரால் என்னும் போர்ச்சுக்கீசியர் கப்பல்களோடு வந்தார். கொச்சி அரசருக்கும் கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கும் பகை. பகைவனை அடக்க அந்நியன் உதவுவான் என்று எண்ணி அரசர் இடங்கொடுத்தார். 1503-இல் கோட்டை எழும்பிற்று. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகின் விலையையே தாங்கள் கட்டத் தொடங்கினார்கள். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை விரட்டினர். சகோதரச் சண்டையில் மூன்றாமவனை அழைத்த பலன் முந்நூறு வருஷம் நீடித்தது. (சபையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நமது சென்ற தேர்தலை நான் குறிப்பிடவில்லை.)

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோட காமாவை 1524-இல் அடக்கம் செய்த இடம் இருக்கிறது. அவருடைய உடலின் எச்சங்களை 1539-இல் போர்ச்சுக்கலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். கல்லைச் சுற்றிக் கம்பி வேலி மட்டும் காவல் நிற்கிறது. "ஆள் இல்லாத இடத்துக்கு வேலி எதற்கு?" என்று என் தாயார் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடற்கரையில் சீன வலைகளை அவர் வெகுநேரம் பார்த்தார். கயிற்றில் கட்டிய கற்களின் பாரத்தாலும் ஆட்களின் பலத்தாலும் அவை ஏறி இறங்குகின்றன. அவ்வளவு பெரிய வலையில் அகப்பட்ட மீன் கைப்பிடியளவே. "இவர்களுக்கும் நம்மைப்போல் கூலி கட்டாது" என்றார்.

மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-இல் போர்ச்சுக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்தனர். டச்சுக்காரர் பழுதுபார்த்தபடியால் டச்சு அரண்மனை என்றே பெயராயிற்று. சுவர்களில் இராமாயணச் சித்திரங்கள் உள்ளன. அருகே 1568-இல் கட்டிய யூதர் ஆலயம். இவை யாவும் பார்க்கத் தக்கவையே. ஆனால் நான் சொல்ல வந்தது அவ்வீதியிலுள்ள மளிகைக் கடை ஒன்றைப் பற்றி.

கண்ணாடிப் பாத்திரத்தில் ஏலக்காய் வைத்திருந்தார்கள். என் தாயார் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, அரிசியைப் பார்த்தார். "நிறம் நன்றாயிருக்கிறது, முற்றுமுன் பறித்துவிட்டார்கள். அரிசி கறுக்கவில்லை" என்றார். கடைக்காரருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அவர் கோபிக்கவில்லை. உள்ளேயிருந்து வேறொரு பையைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்து, "இது எப்படி, அம்மா?" என்று கேட்டார், உட்கார முக்காலியும் போட்டார். அரைமணி நேரம் அவ்விருவரும் காயைப் பற்றிப் பேசினார்கள். நான் சும்மா நின்றேன். கடையில் கணக்கு எழுதும் எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களை என் தாயார் அங்கே சொன்னார். நம் வீட்டில் ஒருவரும் அவரை அதுவரை கேட்டதில்லை.

புறப்படுகையில் நூறு கிராம் பொட்டலத்தின் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டுப் படகுத்துறை வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

இனி நமது விவாதத்துக்கு வருகிறேன். மலைப்பாதைப் பிரயாணம் ஸ்திரீகளுக்கும் வயோதிகர்களுக்கும் ஆகாதென்று ஒரு பெரியவர் சென்ற கூட்டத்தில் சொன்னார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நம் வீட்டு ஸ்திரீகள் அதே பாதையில் ஜீப்புக்குள் நெருங்கி உட்கார்ந்து வருஷக்கணக்காய் ஏறி இறங்கியபோது, அது ஆகாதென்று நாம் யாரும் சொல்லவில்லை. அக்கூலியில் படித்தவர்கள் இச்சபையில் அநேகர், நானும் ஒருவன். தளவரிசை அடுத்த வருஷமும் போடலாம். காய் எடுத்து ஓய்ந்த நம் தாய்மாரில் பலர் அடுத்த வருஷம் பஸ் ஏறும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

ஆகையால் முதல் வண்டியின் ஆசனங்களை மலைவேலை செய்த முதியோருக்கே ஒதுக்க வேண்டுமென்று பிரேரிக்கிறேன். ஆடி, ஆவணியில் மழையால் மலைப்பாதைக்கு நம்பிக்கையில்லை. பங்குனி மாதத்தில் காயெடுப்பும் முடிந்திருக்கும். சனிக்கிழமை யூதர் ஆலயம் அடைத்திருக்குமாதலால் அந்நாளை விலக்கவேண்டும். வாந்தி வருகிறவர்கள் முன் ஆசனத்தில் இருப்பது நலம். பெயர்களைக் காரியதரிசியிடம் இன்றே கொடுக்கலாம். என் தாயார் பெயரை நான் கொடுத்துவிட்டேன். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றும், அந்தக் கடைக்காரருக்குக் காட்ட நம் ஊர்க் காய் ஒரு படி கொண்டுவரப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்.