வள்ளல் பட்டமும் வெள்ளாவிப் பானையும்

(மாலைநேரப் பள்ளி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அவசரத்தில் விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



என்னைக் கவிஞர் என்று சொல்லித்தான் நண்பர் அறிமுகப்படுத்தினார். இன்னைக்குக் கவிதை பேசப்போவதில்லை. பேங்க் கிளார்க்காகத்தான் பேசப்போகிறேன். காலையில் பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் லட்சக்கணக்கான ரூபாய் என் கை வழியாக யார் யாருக்கோ போகிறது. எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் என்னை வள்ளல் என்று சொன்னதில்லை. ஏன்னா அது என் பணமில்லை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாசமாக நமக்குள் நடந்துகொண்டிருக்கிற சண்டை எல்லோருக்கும் தெரியும். நம் மாலைப்பள்ளிக்குக் கூரை போய்விட்டது. போன மழையில் பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படித்தார்கள். டவுனிலிருந்து ஒருவர் கட்டடம் கட்டித் தர்றேன் என்று வந்திருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் கேட்பது ரெண்டு. திறப்பு விழா மேடையில் அவருக்குச் 'சிறந்த கொடையாளர்' என்று நாம் ஒரு விருது கொடுக்கணும். வாசலில் கல்வெட்டு வைக்கணும். 'விருதுங்கிறது ஒரு தகடு, கட்டடம் நெசம், குடுத்துட்டுப் போவோம்' என்கிறார்கள் ஒரு சாரார். 'அந்த ஆள் காசே வேணாம்' என்கிறார்கள் இன்னொரு சாரார். எனக்கு ரெண்டுமே செரிக்கவில்லை. இந்த விருது என்கிற சமாச்சாரம் என்ன, அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றுதான் எழுந்தேன்.

கொடை கொடுப்பவர்களுக்கு விருது கொடுப்பது இன்றைக்கு உலகம் பூராவும் நடக்கிற காரியம். அமெரிக்காவில் அதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. அறக்கட்டளைகளுக்கெல்லாம் தாய்ச் சங்கம் மாதிரி ஒரு கவுன்சில் 1949லிருந்து இயங்குகிறது. நிதி ஒதுக்குகிற வேலையைச் சிறப்பாகச் செய்தவர்களுக்கு அங்கே விருது உண்டு. கவனியுங்கள், அந்த ஆள் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தவராக இருக்கவேண்டியதில்லை. எவனோ சேர்த்துவைத்துச் செத்துப்போன பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஃபைல் பார்த்துக் கையெழுத்துப் போட்டவராகக்கூட இருக்கலாம். எங்க மேனேஜர் லோன் சாங்ஷன் பண்ணுவது போலத்தான். எங்க மேனேஜருக்கு இந்தச் செய்தி தெரிந்தால் ரொம்ப வருத்தப்படுவார்.

இந்த விருதுகளில் பெரிய பெயர் கார்னகி பதக்கம். ஆண்ட்ரூ கார்னகி பெயரால் இயங்கும் நிறுவனங்கள் 2001லிருந்து கொடுத்துவருகின்றன. முதல் வருஷப் பட்டியலிலேயே ராக்ஃபெல்லர், கேட்ஸ் குடும்பங்கள், ஜார்ஜ் சோரோஸ், டெட் டர்னர் எல்லாம் உண்டு. இந்தியாவிலிருந்து டாடா குடும்பம் 2007ல் வாங்கியது. அஸிம் பிரேம்ஜி 2017ல் வாங்கினார்.

யார் இந்தக் கார்னகி? ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்கப்போன நெசவாளியின் மகன். பஞ்சாலையில் நூல் கண்டு மாற்றுகிற பையனாகச் சேர்ந்து எஃகு ராஜாவாக ஆனவர். 1889ல் செல்வம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பணக்காரன் சாவதற்குள் தன் சொத்தைப் பொதுக்காரியத்துக்குக் கொடுத்துவிடணும் என்று அதில் வாதாடினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. கூடவே இன்னொன்றும் சொன்னார். அதே பணத்தைச் சின்னச் சின்னத் தொகையாக ஜனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தின்று குடித்து வீணடித்துவிடுவார்கள், அவர்களுக்காக அதை நிர்வகிக்கிற புத்தி என்னிடம்தான் இருக்கிறது என்கிற வாதம். அதாவது கூலியாகக் கொடுத்தால் வீண், நூலகமாகக் கொடுத்தால் தர்மம்.

மூணு வருஷம் கழித்து, 1892 ஜூலையில், பென்சில்வேனியா மாநிலம் ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் நின்றார்கள். கார்னகி ஸ்காட்லாந்தில் ஓய்வெடுக்கப் போய்விட்டார். ஃப்ரிக் என்கிற அவருடைய கூட்டாளி பிங்கர்ட்டன் கம்பெனியின் அடியாட்கள் முந்நூறு பேரைப் படகில் கொண்டுவந்து இறக்கினார். சண்டையில் ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேரளவில் செத்தார்கள். சங்கம் உடைந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை நிலைத்தது. 1898ல் அதே ஹோம்ஸ்டெட்டில் கார்னகி ஒரு பெரிய நூலகம் கட்டித் திறந்தார். பன்னிரண்டு மணி நேரம் உலைமுன்னால் வெந்தவன் எந்த நேரத்தில் போய் எந்தப் புத்தகத்தை விரிப்பான்? உலகம் முழுக்க அவர் பணத்தில் கட்டிய நூலகங்கள் 2,509. அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம், அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் வெட்டிய கூலி நூலகமாகத் திரும்பி வரும்போது அதற்கு மேல் கொடுத்தவர் பெயர் செதுக்கியிருக்கிறது. வேலை செய்தவன் பெயர் இல்லை. பட்டம் என்பது இந்தப் பெயர் மாற்றம்தான்.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனிகள் மூணு வருஷச் சராசரி லாபத்தில் ரெண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்கணும். இது சட்டம். 2019லிருந்து அதைச் சிறப்பாகச் செய்தவர்களுக்கு மத்திய அரசே தேசிய விருது கொடுக்க ஆரம்பித்தது. நகைக்கடனுக்கு ஒழுங்காக வட்டி கட்டுகிற நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதுவரை எந்த பேங்க்கிலும் பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை. ஒரு தவணை தவறினால் ஏல நோட்டீஸ்தான் போகிறது. அதில் முகவரி எழுதுகிறவன் நான்.

அம்பேத்கரும் உதவித்தொகை வாங்கித்தானே படித்தார் என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 1913ல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூணு வருஷத்துக்குக் கொடுத்தார். கொலம்பியா போனார் பாபாசாகேப். அந்தப் பணம் இல்லாவிட்டால் நாம் இங்கே இப்படி உட்கார்ந்திருப்போமா என்பது சந்தேகம்தான். நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் படிப்பு முடிந்தால் பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை பார்க்கணும் என்று ஒப்பந்தம். 1917ல் வேலைக்குப் போனார். பரோடா நகரத்தில் தங்க அவருக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியே துரத்தினார்கள். அமெரிக்கா வரைக்கும் அனுப்புகிற அளவுக்குக் கொடை நீண்டது. சொந்த ஊரில் ஒரு கூரை கொடுக்கிற அளவுக்கு நீளவில்லை. கொடை சாதியைத் தொடாமல் சாதியைத் தாண்டிப் போய்வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது நான் சொல்லவந்த ஆளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம், ஹேட்டிஸ்பர்க் நகரம். ஓசியோலா மெக்கார்ட்டி என்று ஒரு கறுப்பினப் பெண். 1908ல் பிறந்தவர். துணி வெளுப்பது தொழில். சித்தியோ பெரியம்மாவோ, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தபோது ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். திரும்பப் போகவில்லை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, கார் இல்லை. எங்கே போனாலும் நடைதான். ஊரில் வசதியானவர்கள் வீட்டுத் துணியை வாங்கிவந்து பானையில் வேகவைத்து, பலகையில் தேய்த்து, கொடியில் உலர்த்தித் தேய்த்துக் கொடுப்பார். நம் வண்ணார் வீட்டு வெள்ளாவிதான், வேறு கண்டத்தில். நடுவில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் பார்த்தார். வெளுப்பு சரியில்லை என்று அதை ஒதுக்கிவிட்டுப் பழையபடி பானைக்கே போனார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தன் தொழில் எது, தரம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் ஒரு மூட்டைக்குக் கூலி ஒன்றரை டாலர், ரெண்டு டாலர். ரொம்பக் காலம் கழித்துத்தான் பத்து டாலர் வரைக்கும் போனது. அதில் மிச்சம் பிடித்து பேங்க்கில் போட்டுக்கொண்டே வந்தார். போட்டதை எடுக்கவேயில்லை. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் வெளுத்து, கைமுட்டிகள் வீங்கி, 1994ல் தொழிலை விட்டார். பணம் ரெண்டரை லட்சம் டாலர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

பேங்க் அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? உங்களுக்குப் பின்னால் இது யாருக்குப் போகணும் என்று கேட்டார். சதவீதக் கணக்கு சொன்னால் குழப்பமாக இருக்கும் என்று பத்து 'டைம்' நாணயங்களை, அதாவது பத்து சென்ட் காசுகளை, மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு காசும் பத்தில் ஒரு பங்கு. கிழவி ஒரு காசைச் சர்ச்சுக்கு நகர்த்தினார். மூணு காசைச் சொந்தக்காரர்கள் மூணு பேருக்கு. மிச்சம் ஆறு காசையும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு. வசதியில்லாத கறுப்பின மாணவர்கள் படிக்கட்டும் என்று. ஒன்றரை லட்சம் டாலர். 1995 ஜூலையில் செய்தி வெளியானது. இருபது வயசிலிருந்து கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, பேங்க் மேசை ஒன்றின்மேல் நடந்ததில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் தெரியாது.

அது எந்தப் பல்கலைக்கழகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகம். முன்னால் கல்லூரியாக இருந்தது. 1950களின் கடைசியில் க்ளைட் கென்னார்ட் என்கிற கறுப்பின வாலிபர், கொரியப் போரில் ராணுவத்தில் இருந்தவர், ஊருக்குத் திரும்பிக் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு அங்கே சேர விண்ணப்பித்தார். மறுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார். மறுபடி மறுத்தார்கள். 1960ல் கோழித் தீவனம் திருட உடந்தை என்று பொய் வழக்கு. இருபத்தைந்து டாலர் பெறுமான ஐந்து மூட்டைத் தீவனம். ஏழு வருஷக் கடுங்காவல், பார்ச்மன் சிறைப் பண்ணையில். உள்ளே புற்றுநோய் வந்தது. ஒழுங்கான வைத்தியம் இல்லாமல் வேலைக்கு ஓட்டினார்கள். சாகப்போகிறார் என்று தெரிந்தபின் 1963 ஆரம்பத்தில் வெளியே விட்டார்கள். ஜூலை 4ந் தேதி, அவர்கள் சுதந்திர தினத்தன்று செத்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 2006ல்.

முதல் கறுப்பின மாணவர்கள் அங்கே நுழைந்தது 1965ல். அதுவரைக்கும் மெக்கார்ட்டிக்கு அந்த வாசல் கிடையாது. அதே ஊரில்தான் வெளுத்துக்கொண்டிருந்தார். தன்னை உள்ளே விடாத, தன் ஆட்களில் ஒருவனைச் சிறை வரைக்கும் துரத்திய இடத்துக்கு அறுபது சதவீதத்தை எழுதிவைத்தார். இது மன்னிப்பா, வெற்றியா, இல்லை பழிவாங்கலில் இப்படியும் ஒரு வகை உண்டா? நான் நாலைந்து நாள் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். பணத்தோடு அவர் யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். 'ஏழை மாணவர்கள்' என்று பொதுவாக விட்டுவிடவில்லை. நம் வள்ளல்கள் எப்போதும் 'ஏழை எளியோர்' என்பார்கள். சாதி பெயரைச் சொன்னால் அவர்கள் நாக்கு வெந்துவிடும்.

அவருக்கு மரியாதை நடக்காமல் இல்லை. அந்த வருஷமே க்ளிண்டன் கூப்பிட்டு ஜனாதிபதியின் குடிமக்கள் பதக்கம் கொடுத்தார். 1996ல் ஹார்வர்ட் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1999ல் இறந்தார். டெட் டர்னர் 1997ல் ஐ.நா. காரியங்களுக்கு நூறு கோடி டாலர் அறிவித்ததற்கு இந்தக் கிழவியும் ஒரு தூண்டுதல் என்று பத்திரிகைகள் எழுதின. நான் முன்னால் சொன்ன கார்னகி பதக்கத்தின் முதல் பட்டியலில் டர்னர் இருக்கிறார். அந்தப் பதக்கம் தொடங்குவதற்கு ரெண்டு வருஷம் முன்பே கிழவி போய்விட்டார். உயிரோடு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம். ஆனால் வள்ளல் தன் சொத்தில் எத்தனை பங்கைக் கொடுத்தான் என்று அளந்தால் அந்த வரிசை என்னாகும்? அமெரிக்காவில் அறக்கட்டளைகள் வருஷத்துக்குச் சுமார் ஐந்து சதவீதம் செலவழித்தால் சட்டத்துக்குப் போதும். மிச்சம் முதலீட்டில் கிடந்து குட்டி போடும்.

சரி, நம் கட்டடம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஓட்டெடுப்பில் தோற்றால் ஒப்புக்கொள்கிறேன். பணத்தை வாங்கலாம். ரசீது கொடுத்து, கணக்கில் வரவு வைத்து, செலவை ஊர் நடுவில் படித்துக் காட்டலாம். அவருடைய ஆலையில் நம் பெண்கள் வாங்குகிற கூலி என்ன என்பதை அதே விழாவில் கேட்கிற உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்கலாம். விருது கொடுக்க முடியாது. கல்வெட்டு வைத்தால் சுவர் எழுப்பின கொத்தனார், சித்தாள் பெயரிலிருந்து ஆரம்பிக்கணும். சம்மதித்தால் நல்லது. இல்லாவிட்டால் நாமே வசூல் பண்ணுவோம்.

வசூல் என்றதும் ஒன்று சொல்லணும். போன வாரம் பழைய வசூல் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பொருளாளராக நான் எழுதிய நோட்டு. இன்னார் மகன் இன்னார் நூறு ரூபாய், இன்னார் ஐம்பது ரூபாய் என்று பெயர் பெயராக வருகிறது. நடுவில் ஒரு வரி: 'வண்ணாத்தி, 20.' அவ்வளவுதான். அடுத்த மாசம் மறுபடி 'வண்ணாத்தி, 20.' கையெழுத்து என்னுடையது. நம் சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் வீட்டுக் கிழவி. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலை 1994ல் எழுதிய பிறகும், அதைப் படித்துவிட்டு மேடையில் பேசிய பிறகும், நான் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஹேட்டிஸ்பர்க் கிழவியின் பெயர் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் சாயங்காலம் போனேன். துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தது. உலகத்தில் என்னைச் 'சாமி' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அதுதான். 'ஆயா, நோட்டுல எழுதணும், ஒங்க பேரு என்ன?' என்றேன். நிமிர்ந்து பார்த்தது.

'பேரு எதுக்கு சாமி இப்ப? ரெண்டு தடவ குடுத்ததுக்கும் சீட்டு வரலயே.'

ரசீதுப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டு போயிருக்கவில்லை.