ருசி கண்ட பூனை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மதுவையோ சூதையோ விடமாட்டாத ஒருவனைக் கண்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? "ருசி கண்ட பூனை" என்கிறோம். உறியிலே சுவை கண்ட பூனை உறிக்கு உறி தாவத்தான் செய்யும். ஒருவன் ஒன்றை விடாது நாடுகிறான் என்றால், அதிலே அவனுக்கு அளவிறந்த இன்பம் இருக்கவேண்டும் என்பது இப்பழமொழியின் உட்கிடை. தமிழிலே அவா என்றொரு சொல் உண்டு. இன்பம் என்று வேறொரு சொல்லும் உண்டு. இரண்டும் எப்போதும் கைகோத்தே செல்வனவா? மூளையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இதற்குக் கூறும் விடையையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1954ஆம் ஆண்டில், கனடா நாட்டு மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியொன்றைச் செலுத்தியிருந்தார்கள். அது குறித்த இடத்திற் சேராது சற்று விலகிப்போய் நின்றது. சிறிது மின்சாரம் பாய்ச்சியதும், எலி அதைப் பெற்ற மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. பின்னர், எலி தானே அழுத்தி மின்சாரம் பெறும்படி கூட்டினுள் ஒரு நெம்புகோலை அமைத்தனர். தொடர்ந்து நடந்த சோதனைகளிற் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அதனை அழுத்தின. பசித்திருந்தும் உணவை நாடாது அழுத்தின. உடனே அவ்விடத்துக்கு 'இன்ப நிலையம்' என்று பெயர் வந்துவிட்டது. பத்திரிகைகளுக்கு இத்தகைய பெயர்கள் கிடைத்தால் கொண்டாட்டந்தானே! ஆனால், அந்த எலி இன்பத்தைத் துய்த்ததா, அன்றி இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று தவித்ததா என்று எவரும் எலியிடம் கேட்டறிய முடியவில்லை.

இங்கே டோபமின் என்னும் பொருளைப்பற்றிச் சொல்லவேண்டும். நம் நாட்டு வைத்தியர்கள் நன்கறிந்த சர்ப்பகந்தி வேருக்கு இக்கதையில் ஒரு பங்குண்டு. அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்ப்பின் என்னும் மருந்தை ஊட்டிய முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமின் உண்டாவதற்கு மூலப்பொருளான எல்-டோபாவைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. 1957இல் இதனைக் காட்டியவர் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன். 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. டோபமின் வழங்குவன அவற்றுட் சில இலட்சமே. நடுமூளையின் அடியிலிருந்து புறப்படும் அவற்றின் இழைகள், முன்மூளையின் ஆழத்திலுள்ள அக்கும்பென்ஸ் என்னும் பகுதிக்கும் பிற இடங்களுக்கும் செல்கின்றன.

இன்பத்தைத் தருவதே டோபமின்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். அந்நம்பிக்கையை அசைத்தவை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ற் பெரிட்ஜ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் செய்த சோதனைகள். பிறந்த குழந்தையின் நாவில் சீனித்தண்ணீர் பட்டால் அது உதட்டை நக்கும். கைப்புப் பட்டால் முகத்தைச் சுளித்து வாயைப் பிளக்கும். எலியும் அவ்வாறே செய்யும். 1989இல் இவர்கள், டோபமின் நரம்புகள் அழிக்கப்பட்ட எலிகளை நோக்கினர். உணவு அருகே கிடந்தும் அவை அதனை நாடவில்லை. விட்டிருந்தால் பட்டினியாற் செத்திருக்கும். ஆனால் இனிப்பு நீரை வாயில் விட்டபோது, முன்போலவே சுவைத்து நக்கின! இன்பம் இருந்தது, அவா இல்லை. மறுபுறமாக, வேட்கை வழியை மின்சாரத்தால் தூண்டியபோது எலிகள் ஆவலோடு தின்றன. முகத்திலோ சுவைத்ததற்கான குறி சிறிதும் கூடவில்லை. அவா இருந்தது, அதற்கேற்ற இன்பம் இல்லை. துய்ப்பின்பத்தைப் பெருக்குவன அபினையொத்த இயற்கைப் பொருள்கள் தொழிற்படும் சில சிறு புள்ளிகளாம். எலியின் அக்கும்பென்ஸ் பகுதியில் அத்தகைய புள்ளியொன்று ஒரு கன மில்லிமீற்றர் அளவினது.

அங்ஙனமாயின் டோபமின் கலங்கள் எதை அறிவிக்கின்றன? சுவிற்சர்லாந்திலே வூல்ஃப்றம் சூல்ற்ஸ் என்பார் குரங்குகளின் அக்கலங்களை ஆராய்ந்தார். எதிர்பாராமற் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், சாற்றுக்கு அல்ல, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் அடங்கிவிட்டன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேற்றுமையையே அவை கணக்கிடுகின்றன என்று 1997இல் அவரும் இருவரும் சேர்ந்து எழுதிக் காட்டினர்.

ஏமாற்றத்துக்கும் ஒரு வழியுண்டு. மூளையின் நடுவே ஹபெனுலா என்றொரு சிறு பகுதி. இலத்தீன் மொழியிற் சிறு கடிவாளம் என்று பொருள். எதிர்பார்த்த பரிசு கிட்டாதபோது அது கிளர்ந்து டோபமின் கலங்களை அடக்குகின்றது என்பதை மற்சுமொட்டோ, ஹிக்கோசாக்கா ஆகியோர் 2007இற் கண்டனர். பெயர் வைத்தவர் இதனை அறியார், பெயரோ பொருந்திவிட்டது. இனி, அச்சத்தின் இருப்பிடம் என்று பலரும் சொல்லும் அமிக்டலா, வாதுமைக் கொட்டை வடிவினது. அதையும் அச்சத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. அங்கே அருகருகே உள்ள கலங்களிற் சில நல்லதை நாடவும் சில தீயதைத் தவிர்க்கவும் உதவுகின்றன. அவற்றின் இழை எங்கே செல்கின்றது என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு அமைகின்றது என 2015இல் எலிகளிற் காட்டியுள்ளனர்.

இப்போது நமது பூனைக்கு வருவோம். போதைப்பொருள் பலமுறை உட்செல்லச் செல்ல வேட்கை வழி கூர்மையடைகின்றது. இன்பமோ கூடுவதில்லை, குறையவுங் கூடும் என்று 1993இல் றொபின்சனும் பெரிட்ஜும் எழுதினர். ருசி போன பின்பும் பூனை தாவுகின்றது! பல மாதங்கள் குடியை விட்டிருந்தவர், பழைய தவறணை இருந்த தெருவாற் போகும்போது தடுமாறுவதும் இதனாலேதான். தவறணையின் பெயர்ப்பலகை அவருக்குக் குரங்கு கண்ட விளக்கு.

"அப்படியானால் அவன்மேற் குற்றமே இல்லையோ?" என்று பெரியவர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். பார்க்கின்சன் நோய்க்கு டோபமினைப் போலத் தொழிற்படும் மருந்துகளைக் கொடுப்பதுண்டு. வாழ்நாளிற் சீட்டையே தொட்டறியாத சிலர், அம்மருந்தை உட்கொண்டபின் சூதிலே வீட்டுப் பணத்தை இழந்திருக்கின்றனர். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த ஆவல் அடங்கிவிட்டது. அவர்கள் முன்பு நல்லவர்களாயிருந்து இடையிற் கெட்டுப் பின்பு திருந்தினார்கள் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இழந்த பணம் இழந்ததுதான். வீட்டாரின் துயரும் மெய்தான். ஆகையால் இன்று அம்மருந்தைத் தொடங்குமுன் நோயாளருக்கு மாத்திரமன்றி அவர் மனைவி மக்களுக்கும் இதனை விளக்கிச் சொல்லவேண்டும் என்பது வைத்திய நெறியாகியிருக்கின்றது. இவ்வாவலை நோயாளர் வெட்கத்தால் மறைப்பார். முதலிற் காண்பவர்கள் வீட்டாரே.