தூணைச் சுற்றி எழுந்த கோயில்



சிரியாவில் அலெப்போ நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்று இருக்கிறது. ஊரார் அதைச் சிமியோன் கோட்டை என்கிறார்கள். கோட்டையாகக் கட்டப்பட்ட இடமன்று அது. ஐந்தாம் நூற்றாண்டில் தூண்மீது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்று தவம் செய்த புனித சிமியோனின் பெயர் அது.

ஆடு மேய்த்து வளர்ந்த பிள்ளை அவர். மடத்தில் சேர்ந்தபோது இடுப்பில் நார்க்கயிற்றைச் சதை புண்ணாகும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டார். வலுவில்லாதவர்களும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? மடத்தார் அஞ்சி, அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

குன்றில் தனித்திருந்தார். கூட்டம் தேடி வந்தது; அவருடைய தோலாடையைத் தொட்டாவது போக வேண்டும் என்று முண்டியடித்தது. அதைத் தவிர்க்கத்தான் தூண் ஏறினார். முதலில் 6 முழம், அப்புறம் 12, 22, கடைசியில் 36 முழம்! மக்கள் விட்டார்களா? பாரசீகர், அர்மீனியர், அரபியர் வந்தார்கள். ஸ்பெயினிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும்கூட வந்தார்கள்.

நேரில் பார்த்த ஆயர் தியோடொரெட் எழுதி வைத்திருக்கிறார்: நெற்றி கால்விரலைத் தொடும் அளவுக்குச் சிமியோன் குனிந்து குனிந்து வணங்குவாராம். உடன் வந்தவர் ஒருவர் 1244 வரை எண்ணி, மேலே எண்ண முடியாமல் விட்டுவிட்டார்.

ஆனால் இந்த வணக்கத்தைவிடப் பெரிது அவருடைய பிற்பகல். மூன்று மணிக்குமேல் கீழே நிற்பவர்களுக்குப் போதனை செய்வார், குறைகளைக் கேட்பார், வழக்குகளைத் தீர்த்துவைப்பார். ஊரை விட்டு உயரே போனவர் ஊராரின் நீதிமன்றமாகவே ஆனார். அவருடைய துறவின் மகிமை இதில்தான் இருக்கிறது.

459இல் மறைந்தார். உடலை அந்தியோக்கியாவுக்குக் கொண்டுபோனார்கள். குன்றில் தூண் மட்டும் நின்றது. பேரரசர் செனோ காலத்தில் அந்தத் தூணை நடுவில் வைத்து ஓர் எண்கோணமும், நான்கு திசையிலும் நான்கு பெருங்கூடங்களுமாகச் சிலுவை வடிவில் கோயில் எழுந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் 537இல் திறக்கப்பட்ட ஹாகியா சோபியாவுக்கும் மூத்தது இது. அடிவாரத்தில் திருப்பயணிகளுக்குச் சத்திரங்கள் இருந்தன. வந்தவர்கள் சிமியோன் உருவம் பதித்த சிறு மண்வில்லையை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்; தூணையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார்கள். எஞ்சியது ஓர் அடிக்கல் துண்டு.

2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், உள்நாட்டுப் போரால் 2013இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. 2016இல் குண்டுவீச்சு அந்தத் துண்டையும் சிதைத்தது.

பதினைந்து நூற்றாண்டு நின்ற சுவர்கள் அவை. விழுந்த கற்களை எண்ணி, எடுத்து வைத்து, மறுபடி நிறுத்தும் தொல்லியலாளர்களுக்குத் தோள்கொடுக்க வேண்டும் என்று இந்த அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுதான் என் விண்ணப்பம்.