தங்கவயலின் லைன் வீட்டில் ஓர் அருங்காட்சியகம்



இலங்கையின் கம்பளை நகருக்கு அருகே, தேயிலைத் தோட்டம் ஒன்றில் வெள்ளையர் காலத்து லயம் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 2007இல் அது தொடங்கப்பட்டது. தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளரின் கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே உள்ளன. ஆயினும் தலையாய காட்சிப் பொருள் அக்கட்டிடமே. ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள் வாழ்ந்த கதையைப் பலகையில் எழுதி விளக்க வேண்டியதில்லை. உள்ளே நிற்பவர் தாமே உணர்வார்.

தங்கவயலார் லைன் என்பதையே மலையகத்தார் லயம் என்றனர். (இசைக்குரிய இனிய சொல்லுக்கு நேர்ந்த கதி!) வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், இங்குள்ள லைன்களில்தான் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய தொழில் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பின்னர் தங்கவயலின் வரலாறு எனச் சொல்லப்படுவது எது? அதிகாரிகளின் பங்களா, கிளப், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீப் சுரங்கம். இறங்கியவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை.

கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தம் அதில் இல்லை. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 6 தொழிலாளர் இல்லை. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய இவ்வூர்ப் பௌத்தர்களும் இல்லை. 1940களில் இங்கே நடந்த மருத்துவ ஆய்வு, சோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு நால்வருக்கும் மேற்பட்டோரிடம் சிலிகோசிஸ் நோயைக் கண்டது. தங்கக் கட்டியின் மாதிரியை வைக்கும் எந்தக் காட்சிக்கூடமும் அந்த நுரையீரல்களின் எக்ஸ்ரே படத்தையும் அதனருகே வைத்தாக வேண்டும்.

ஆகவே தங்கவயலின் அருங்காட்சியகம் பங்களாவில் அன்று, ஒரு லைன் வீட்டில் அமைய வேண்டும். ‘மக்கள் இன்னும் குடியிருக்கும் வீடுகளைக் காட்சிப் பொருளாக்குவதா?’ என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவருக்குப் பழமையின் பெருமை சோறு போடாது. குடியிருப்போருக்கு வீட்டுரிமை என்னும் கோரிக்கையே முதலாவது. அதற்கு ஈடாக அருங்காட்சியகத்தை எவரும் ஏற்கலாகாது. யாரும் வசிக்காத லைன் ஒன்று, இரண்டு அறைகள், ஒரு காவலர்: இதற்கு மேல் தேவையில்லை. அரசின் ஆணைக்காகக் காத்திருந்தால் சுவரும் நிற்காது, சொல்வதற்கு முதியவரும் இருக்கமாட்டார்.

கட்டிடம் கிடைக்கும் முன்பே சேகரிப்பைத் தொடங்கலாம். சம்பளச் சீட்டு, சங்க ரசீது, தலைவிளக்கு, டோக்கன், மருத்துவமனைச் சீட்டு எதுவாயினும், உரியவர் பெயர், இறங்கிய சுரங்கம், வசித்த லைன் ஆகியவற்றோடு குறித்துக்கொள்ள வேண்டும். பொருளைப் பிரிய மனமில்லாத குடும்பங்களிடம் நிழற்படம் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.