மூலிகையும் சோதனையும்

மழைக்காலம் வந்தால் வெளிமாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு ஒரு கவலையும் உடன் வருகிறது. வீட்டில் ஒருவருக்குக் குளிர் கண்டு நடுக்கத்துடன் காய்ச்சல் அடித்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். பாட்டியின் மருந்து பொய்க்குமா என்றும் கேட்கிறோம். விடை காணச் சீனத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை நோக்குவோம்.

குளோரோகுவினுக்கு மலேரியாக் கிருமி பணியாமற் போகவே, 1967-இல் சீன அரசு புதுமருந்து தேடலாயிற்று. 1969-இல் பெய்ஜிங்கில் தூ யூயூ என்னும் அம்மையார் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அக்குழுவினர் 2,000-க்கு மேற்பட்ட பழைய மருந்து முறைகளைத் திரட்டினர். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகளை எடுத்து, நோய்கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிங்ஹாவ் என்னும் மூலிகை ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை கைவிட்டது.

நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் இயற்றிய மருத்துவ நூலை அம்மையார் மீண்டும் படித்தார். இம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு அதில் கண்டிருந்தது, காய்ச்சுமாறு இல்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு வாக்கியத்தை ஊன்றிப் படித்ததன் பயனை எண்ணி வியக்கிறோம். வெப்பமே மருந்தின் குணத்தைக் கெடுக்கிறது என ஊகித்த அவர், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அச்சாறு எலிகளின் குருதியிலிருந்த கிருமிகளை அறவே ஒழித்தது. 1972-இல் அவரும் தோழர்களும் முதலில் தாமே அதனை உட்கொண்டு சோதித்த பின்னரே நோயாளிகளுக்கு அளித்தனர். அதிலிருந்து பிரித்த பொருளே ஆர்ட்டிமிசினின். 2015-இல் அம்மையாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் அப்பொருளிலிருந்து ஆர்ட்டீதர் என்னும் ஊசிமருந்தை ஆக்கித் தந்தது.

ஆயினும் அம்மூலிகையின் இலையைக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. செடிக்குச் செடி மருந்தின் அளவு மாறுபடும். குறைந்த அளவு நோயைத் தீர்க்காது. பழைய நூல் வழி காட்டிற்று. சோதனையே அதனை மருந்தாக்கிற்று.

ஆதலின் பாட்டியின் சொல்லை நாம் எள்ள வேண்டுவதில்லை. அதனை மட்டும் நம்பி நாள் கடத்தவும் கூடாது. மூளையைத் தாக்கும் மலேரியா சில நாட்களில் உயிரைக் கவரும். குளிர்காய்ச்சல் கண்ட அன்றே குருதியைச் சோதித்துக்கொள்வோம். அவ்வூர் மொழி நமக்கு வராவிடினும் தடையில்லை. மலேரியா என்னும் சொல் நாட்டின் எம்மருத்துவமனையிலும் விளங்கும்.