நிலமும் பதிவேடும்



பல்லாண்டு பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் துண்டு நிலம் வாங்கியோர் நம்மிடையே பலர் உளர். பணம் கொடுத்ததற்கான ரசீதையும் கையொப்பமிட்ட ஒப்பந்தத் தாளையும் பெட்டியில் பூட்டியவுடன் நிலம் நமதாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

தீபகற்ப மலேசியாவில் 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் வகுத்த முறை இது. முன்னர் பினாங்கிலும் மலாக்காவிலும் இருந்த முறையில், பழைய பத்திரங்களையெல்லாம் புரட்டி உரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அத்தொல்லை ஒழிந்தது.

ஆயின், கள்ளக் கையெழுத்தால் பதிவேட்டில் பெயர் மாறிவிட்டால்? பினாங்கில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலம் இவ்வாறே விற்கப்பட்டது. மோசடியை அறியாமல் வாங்கியவருக்கே நிலம் சொந்தம் என 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றமேதும் செய்யாத உரிமையாளர் வெறுங்கையுடன் நின்றார்! சட்டத்தின் 340ஆம் பிரிவோ, போலிப் பத்திரத்தால் பெற்ற உரிமையை நீக்கலாம் என்றே கூறுகிறது. சட்ட அறிஞர் பலர் கண்டித்த அத்தீர்ப்பை, 2010 ஜனவரி 21இல் அதே நீதிமன்றம் தவறென்று அறிவித்துத் திருத்தியது. ஒன்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த குறை அன்று நீங்கியது.

எனினும் முழுப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. போலிப் பத்திரத்தால் பெற்றவர், விவரமறியாத மூன்றாமவருக்கு முறையாக விற்றுவிட்டால், அம்மூன்றாமவரின் உரிமையைச் சட்டம் காக்கிறது. ஆகவே காலதாமதமே நமக்குப் பகை. அவ்வப்போது நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்போம். ஐயம் எழுந்தால், பதிவாளரிடமும் காவல் துறையிடமும் அன்றே முறையிடுவோம். பணம் கட்டியும் பெயர் மாற்றம் பெறாதோர் 'கேவியட்' என்னும் தடைப் பதிவைச் செய்யலாம். அது ஆறாண்டுகள் நிலைக்கும்.

இன்னொன்று. தந்தை மறைந்து பல்லாண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் குடும்பங்கள் உள. பேரப்பிள்ளைகள் காலத்தில் வாரிசுகள் பெருகிப் பங்கீடு சிக்கலாகிறது. சிறு சொத்துகளை வாரிசுகளுக்குப் பிரித்தளிக்க 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்துள்ளது. மரணச் சான்றிதழுடனும் பட்டாவுடனும் நில அலுவலகத்திற்கே சென்று அதன்படி விண்ணப்பிக்கலாம்.