நம்பர் பிளேட் இல்லாத வண்டி
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு உடம்பைப் பத்தி என்னடா பேச்சு?" என்று மேடையேறும்போதே பின்வரிசை நண்பன் ஒருவன் கேட்டான். நியாயந்தான். அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தது. "என் உடம்பே என்னை எதிரியா நினைக்குதாப்பா?" என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. அதனால் படித்தேன்.

நாமெல்லாம் கோரிமேடு செக்போஸ்ட்டைத் தாண்டியவர்கள்தாம். பையைத் திறந்து உள்ளே என்ன பாட்டில் என்று பார்ப்பார்கள். (சிரிப்பு) நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்லும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருப்பதன் துணுக்கை ஹெச்.எல்.ஏ. என்ற புரதத்தில் ஏந்தி வெளியே காட்டும். அதில் வைரஸ் துணுக்கு தெரிந்தால் டி செல் அதைக் கொன்றுவிடும். ஆனால் சில வைரஸ்கள் பலே கில்லாடிகள், ஹெச்.எல்.ஏ.யையே மேலே வரவிடாமல் அமுக்கிவிடும். பையே இல்லையென்றால் எதைச் சோதிப்பது?

அங்கேதான் இயற்கைக் கொல்லி செல் என்ற இன்னொரு காவலர் வருகிறார். அவருக்கு அதே ஹெச்.எல்.ஏ.தான் நம்பர் பிளேட். அவர் மேலுள்ள 'கிர்' என்னும் ஏற்பிகள் அதைத் தொட்டுப் பார்த்தால், 'நம்ம வண்டி, போகட்டும்'. பிளேட் இல்லையா, சந்தேகந்தான். 1986-இல் ஸ்வீடன் நாட்டு கிளாஸ் கேரே குழுவினர் இதை எலிகளில் காட்டினார்கள். அடையாளப் புரதம் உள்ள புற்றுசெல்கள் வளர்ந்தன. அதை இழந்தவை அழிக்கப்பட்டன. எதிரியின் முகம் தெரிய வேண்டாம், நம்முடையது காணாமல் போனதே போதும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் ஓர் இடிப்பு. நம் ரத்தச் சிவப்பணுக்களில் ஹெச்.எல்.ஏ. அநேகமாக இல்லவே இல்லை. ஏன் தப்பிக்கின்றன? நம்ம ஊர் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு பிளேட் கிடையாது, யாரும் நிறுத்துவதுமில்லை. பிளேட் இல்லாததோடு புகையும் வர வேண்டும்! புற்றாலோ கிருமியாலோ நெருக்கடிக்குள்ளான செல்கள் 'மிக்' என்ற புரதத்தை மேலே நீட்டுகின்றன. அந்தப் புகையை மோப்பம் பிடிக்கும் மூக்குக்கு என்.கே.ஜி.2டி என்று பெயர். கிர் 'விடு' என்கிறது, இந்த மூக்கு 'பிடி' என்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் முடிவு.

இனி அம்மா விஷயம். முடக்குவாத மூட்டின் உட்படல செல்களில் இதே 'மிக்' புகை இருப்பதை 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே அதை மோப்பம் பிடித்துச் சண்டைக்கு வருபவை, அந்த மூக்கு முளைத்த டி செல்கள். அந்த மூக்கின் மரபணு மாறுபாடுகளுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2017-இல் கட்டுரை வெளியிட்டவர்களில் நம்ம ஜிப்மர் மருத்துவர்களும் உண்டு. கோரிமேட்டுப் பக்கமேதான், பாருங்கள்!

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். வீங்கிய விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ எதிரின்னு நினைக்கல. புகையைப் பார்த்துட்டு வந்திருக்கான்" என்றார்கள். "சரி, அந்தப் புகை எதனால வந்துச்சாம்?"